ஆஸ்பத்திரி முற்றத்தில் நின்ற ஓடம்

தாலுகா போர்டு ஆபீசில் ஆற்றங்கரை ஊர்களின் குறிப்புகளை ஒரே புத்தகமாக அச்சிடப் போகிறார்களாம். சென்ற வாரம் அங்கிருந்து இரண்டு குமாஸ்தாக்கள் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அந்தக் குறிப்புகளில் பெரும்பாலானவற்றை எழுதியவன் நான். அவை எப்படித் தயாராயின என்று ஒரு முகவுரை எழுதித் தரும்படி கேட்டார்கள். முகவுரைக்கு வேண்டியதை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அதில் இடம் பெற முடியாததை இங்கே எழுதுகிறேன். கண் மங்கியதால் உரிய காலத்துக்கு முன்பே வேலையை விட்டவன் நான். நாள்தோறும் நாட்குறிப்பு எழுதிவந்ததால் நினைவில் பிசகு அதிகம் இருக்காது.

ஊர்க்குறிப்பு என்பது பெரிய சங்கதி அல்ல. அந்த ஊருக்கு முதல் தடவையாகப் போகிற ஒருவருக்கு, அவர் முகாம் வரும் அதிகாரியானாலும் சரி, அம்மை குத்துகிறவரானாலும் சரி, வேண்டிய தகவல் அதில் இருக்க வேண்டும். வண்டிப் பாதை எந்தக் கரையில், ஓடம் உண்டா, கோடையில் ஆற்றில் எங்கே இறங்கி நடக்கலாம், குடிதண்ணீர் எடுக்கும் துறை எது, குளிக்கும் துறை எது, சத்திரத்தில் சமையல் பாத்திரம் இருக்கிறதா, சந்தை என்றைக்கு, நோய் கண்டால் கிட்டத்து ஆஸ்பத்திரி எங்கே. இவ்வளவுதான். பாளையங்கோட்டையில் படிப்பை முடித்து, சில ஆபீசுகளில் நகல் எழுதிக் கையெழுத்தைத் திருத்திக்கொண்ட பிறகு, என்னை இந்த வேலைக்குப் போட்டார்கள். ஜெர்மன் யுத்தம் தொடங்குவதற்குப் பல வருஷங்களுக்கு முன்பு நடந்தது அது.

எனக்கு மேலே மேனேஜராக இருந்தவர் தேவசகாயம். பாளையங்கோட்டையின் பழைய மிஷன் குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவர். கழுத்து வரை மூடிய கோட்டும் வெள்ளைத் தலைப்பாகையுமாக வருவார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. நான் கொடுக்கும் குறிப்பை ஜன்னல் ஓரமாக நின்றுகொண்டு படிப்பார். கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் சிவப்புப் பென்சிலால் ஓர் எழுத்துப் போடச் சொல்லியிருந்தார். நேரில் பார்த்து எழுதியதானால் ‘பா’. பிறர் சொல்லக் கேட்டு எழுதியதானால் ‘கே’, யார் சொன்னார் என்பதோடு. நாமாக நினைத்து எழுதியதானால் ‘நி’. ‘நி’ போட்ட வரிகளைப் படிக்காமலே அடித்துவிடுவார். சில மாதங்களில் நானே அப்படிப்பட்ட வரிகளை எழுதுவதை விட்டுவிட்டேன்.

ஒரு சத்திரத்தைப் பற்றி, ‘நல்ல கிணறு உண்டு’ என்று எழுதி ‘பா’ போட்டிருந்தேன். தண்ணீர் இறைத்ததைப் பார்த்தீரா என்று கேட்டார். கிணற்றைப் பார்த்தேன் என்றேன்.

“கிணத்தைக் குடிக்க முடியாது, பிள்ளை” என்றார்.

அன்றைக்கே திரும்பிப் போனேன். கிணற்றில் கயிறும் இல்லை, உருளையும் இல்லை. உள்ளே வௌவால்கள் இருந்தன. இன்னொரு சமயம் சில காலம் என்னைக் கடலோரப் பக்கம் மாற்றியிருந்தார்கள். ஆறு கடலில் சேரும் இடமான புன்னக்காயலில், ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா என்று ஒரு மீன்பிடிகாரரிடம் கேட்டேன். காலையில் கேட்டால் குடிக்கலாம் என்றும், சாயங்காலம் கேட்டால் கூடாது என்றும் எழுதிக்கொள்ளும்படி அவர் சொன்னார். கடல் ஏறும்போது ஆறு உப்பாகிவிடும். இரண்டு வேளையும் நின்று குடித்துப் பார்த்துவிட்டுத்தான் அந்த வரியை எழுதினேன். தேவசகாயத்தின் கீழ் வேலை பார்த்தவனுக்கு அதற்குள் அது பழக்கமாகிவிட்டிருந்தது.

இனி இலுப்பந்துறை விஷயம்.

இலுப்பந்துறை வடகரையில் இருக்கிற ஊர். எதிரே தென்கரையில், ஆற்றைவிட்டுச் சற்று உள்ளே தள்ளி, ஒரு சிறிய மிஷன் ஆஸ்பத்திரி இருந்தது. இரு கரைக்கும் இடையே ஓர் ஓடம். வடகரை ஊரில் நின்ற இலுப்பை மரத்தை வெட்டி ஊரார் செய்து கொடுத்த ஓடம் அது. போர்டிடமிருந்து துறையைக் குத்தகைக்கு எடுத்து ஓட்டிவந்தவர் சுடலைமுத்து என்பவர். அவருடைய தகப்பனாரும் அதே துறையில் ஓடம் விட்டவர்தான். நான் எழுதிய குறிப்பில், ‘ஓடம் உண்டு, பொழுது விடிந்தது முதல் அடையும் வரை’ என்று இருந்தது. ‘பா’ போட்ட வரி.

ஓர் ஆடி மாதம், வடகரையைச் சேர்ந்த கருப்பட்டி வியாபாரி ஒருவர் ஆபீசுக்கு வந்தார். மேற்கே இருக்கும் அணைக்கட்டு வழியாகச் சுற்றி நடந்து வந்ததால் முழங்கால் வரை சேறாக இருந்தார். துறையில் ஓடம் இல்லை என்பது அவர் புகார். ஆற்றில் தண்ணீர் நிறையப் போகிறது, இறங்கி நடக்க வழியில்லை, சந்தைக்குப் போக வேண்டிய சிப்பமெல்லாம் கரையிலேயே கிடக்கிறது என்றார். ஓடம் எங்கே போயிற்று என்று மேனேஜர் கேட்டார்.

“ஆஸ்பத்திரியில சேத்திருக்காங்க வே. அதுக்கு என்ன நோக்காடுன்னு ஆளை அனுப்பிப் பாரும். கருப்பட்டி இளகி ஓடுது எனக்கு.”

மேனேஜர் சிரிக்கவில்லை. புகாரின் ஓரத்தில் ‘கே’ என்று போட்டு என்னிடம் கொடுத்தார். குத்தகை நிபந்தனைப்படி, காரணமில்லாமல் தொடர்ந்து ஓடம் துறையில் இல்லாமற்போனால் குத்தகையை ரத்து செய்யலாம். சந்தை நாளுக்குள் ஓடம் ஆற்றில் இறங்க வேண்டும் என்ற உத்தரவையும் எழுதிக் கையில் கொடுத்தார்.

தென்கரைச் சாலை வழியாக வண்டியில் போனேன். துறையில் ஓடம் கட்டும் முளைக்குச்சி மட்டும் இருந்தது. எதிர்க்கரையில் ஜனங்கள் மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் எழுந்து நின்று என் முதுகுப் பக்கமாகக் கையைக் காட்டினான். அந்தத் திசையில் நடந்தேன்.

ஆஸ்பத்திரி முற்றத்தில் ஒரு வாகை மரத்தடியில் ஓடம் நின்றது. இருபுறமும் ஆடாதபடி தென்னந்தடிகளும் செங்கல்லும் முட்டுக் கொடுத்திருந்தார்கள். மேலே பனையோலையால் கூரை போட்டிருந்தது. உள்ளே வைக்கோல் பரப்பி, அதன்மேல் கோரைப்பாய் விரித்து, ஓர் இளம்பெண் படுத்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. பக்கத்தில் துணியில் சுற்றிய குழந்தை. ஓடத்தின் பின்முனையில் ஒரு கிழவி காலை மடக்கி உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள். கிழவி சுடலைமுத்துவின் மனைவி பேச்சியம்மாள். படுத்திருந்தவள் மருமகள் இசக்கி. இசக்கியின் புருஷன் கொழும்பில் இருந்தான்.

நடந்தது என்ன என்பதை ஆஸ்பத்திரியை நடத்திவந்த டாக்டரம்மாளிடமும் சுடலைமுத்துவிடமும் தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொண்டேன். இரண்டும் ஒத்திருந்தன.

இலுப்பந்துறையில் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பந்தக்கால் நாட்டியிருந்தார்கள். கால் நாட்டியபின் கொடை முடிகிறவரை அந்த ஊர்க்காரர் யாரும் இராத்திரி ஊருக்கு வெளியே தங்கக் கூடாது. பகலில் எங்கு வேண்டுமானாலும் போகலாம், பொழுது அடையுமுன் ஊர் திரும்பிவிட வேண்டும். இசக்கிக்கு இரண்டு நாளாக வலி எடுத்தும் பிள்ளை பிறக்கவில்லை. கால் நாட்டிய மறுநாள் காலையில் ஓடத்தில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். டாக்டரம்மாள் ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுத்தார். குழந்தை பிழைத்தது. தாய்க்கு இரத்தம் நிற்காமல் போய், பிற்பகலில்தான் ஒருவாறு நின்றது. அசைத்தால் மறுபடியும் போகும், படுத்த இடத்திலேயே பல நாள் கிடக்க வேண்டும் என்று டாக்டரம்மாள் சொன்னார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பேச்சியம்மாள் மருமகளைத் தூக்கிக்கொண்டு போக ஆள் கூப்பிட்டாள். டாக்டரம்மாள் வாசலை மறித்து நின்றார்.

அப்போது வழி சொன்னவர் சுடலைமுத்து. கொடைச் சமயத்தில் ஆற்றில் வெள்ளம் வந்து தென்கரையில் மாட்டிக்கொண்டால், அவருடைய தகப்பனார் ஓடத்திலேயே படுத்துக்கொள்வாராம். ஊர் மரம், ஊரார் செய்த ஓடம். அதில் படுத்தால் ஊரில் படுத்ததாகத்தான் கணக்கு. இதை ஊரில் ஒருவரும் மறுத்ததில்லை. ஆனால் இசக்கியை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோகவும் டாக்டரம்மாள் சம்மதிக்கவில்லை. தென்கரை ஊரில் தேர்ச்சப்பரம் தூக்கிப் பழகிய ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் வந்து ஓடத்தைத் தண்ணீரிலிருந்து எடுத்துத் தோளில் வைத்து, ஆஸ்பத்திரி முற்றத்துக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள். கட்டிலிலிருந்து போர்வையோடு எடுத்து இசக்கியை ஓடத்தில் கிடத்தினார்கள். அந்த ஓர் அசைவுக்கு மட்டும் டாக்டரம்மாள் ஒப்புக்கொண்டார். அதற்கே அன்று இரவு மறுபடியும் கொஞ்சம் இரத்தம் கண்டதாக அவர் சொன்னார். சுடலைமுத்துவும் பேச்சியம்மாளும் இரவில் அதே ஓடத்தில்தான் படுத்தார்கள்.

உத்தரவு என் சட்டைப்பையில் இருந்தது. அதை வாசித்துக் காட்டினேன். குத்தகை போனால் சுடலைமுத்துவுக்கு வேறு தொழில் கிடையாது, அதைச் சொல்லத் தேவையும் இல்லை. பதில் சொன்னவள் பேச்சியம்மாள்.

“எடுத்துட்டுப் போங்க ஐயா, உங்க ஓடம். இவளையும் அதுலயே வச்சுத் தூக்கிட்டுப் போங்க. ஆத்துல விட்டுட்டு நாங்க வீட்டுக்குப் போயிருதோம்.”

“ஆத்தங்கரைக்குப் போறதுக்குள்ள செத்துப் போவா” என்றார் டாக்டரம்மாள்.

“இங்கன கட்டில்ல ராத்திரி கெடந்தாலும் போவாதான்.”

ஓடத்தின் பலகை ஒன்றை மட்டும் கழற்றிக் கட்டிலில் போட்டு, அதன்மேல் படுக்க வைத்தால் ஆகாதா என்று நான் கேட்டேன். கிழவி வெற்றிலை இடிப்பதை நிறுத்தினாள்.

“ஏன், ஒரு ஆணியைப் புடுங்கித் தலைமாட்டுல வச்சாப் போதாதா? ஊருன்னா முழுசா இருக்கணும் ஐயா. கால்வாசி ஊருல எந்தச் சாமி வந்து நிக்கும்?”

எனக்கு அதிகாரம் இல்லாத இடத்தில் நான் முடிவு செய்வதில்லை. இரு தரப்பார் சொன்னதையும் எழுதி, ஓரத்தில் எழுத்துகளைப் போட்டு, வண்டிக்காரன் வசம் மேனேஜருக்கு அனுப்பினேன். அன்றிரவு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் படுத்தேன். இசக்கிக்குக் காய்ச்சல் கண்டிருந்தது.

மறுநாள் காலையில் தேவசகாயமே வந்துவிட்டார். அவர் வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அணைக்கட்டைச் சுற்றிக்கொண்டு கருப்பட்டி வியாபாரியும் வந்து சேர்ந்தார். மேனேஜர் கிறிஸ்தவர் என்பதால் தம் பக்கம்தான் பேசுவார் என்று டாக்டரம்மாள் நினைத்திருக்கக் கூடும். அம்மன் கொடையையும் கால்நாட்டையும் மூடப் பழக்கம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார் என்று வியாபாரியும் எதிர்பார்த்தார். அதை அவர் என்னிடம் முன்கூட்டியே சொல்லியும் வைத்திருந்தார்.

மேனேஜர் ஓடத்தை ஒருமுறை சுற்றிவந்தார். முட்டுக்கட்டைகளைக் கையால் அசைத்துப் பார்த்தார். பிறகு டாக்டரம்மாளிடம், அசைத்தால் உயிர் போகும் என்பது படித்ததா, பார்த்ததா என்று கேட்டார். சென்ற வருஷம் இதே முற்றத்தில், இதே நிலையில் இருந்த ஒருத்தியை உறவினர்கள் பிடிவாதமாக வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், வண்டி சாலையைத் தொடுவதற்குள் முடிந்துவிட்டது என்று அவர் பதில் சொன்னார். மேனேஜர் தலையசைத்தார். அதன்பின் பேச்சியம்மாளிடம் வந்து, அவளுக்குச் சரியாக முகம் தெரியும்படி குனிந்து நின்றார்.

“வெளியூர்ல தங்குனா ஆகாதுங்கியே அம்மா. அது நீ பாத்ததா, யாரும் சொல்லிக் கேட்டதா, இல்ல நீயா நெனச்சதா?”

கிழவி வெற்றிலை உரலை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

“பாத்தது ஐயா. என் கூடப்பொறந்தவ. கால் நாட்டுக்கு அப்புறம் மாமியார் ஊருல ஒரு ராத்திரி தங்கிட்டு வந்தா. கொடை அன்னைக்கு அம்மை போட்டுருச்சு. என் மடியிலதான் கெடந்து செத்தா.”

மேனேஜர் நிமிர்ந்தார். நோட்டுப் புத்தகத்தை மூடிப் பையில் வைத்துக்கொண்டார். வியாபாரி பொறுமையிழந்து, என்ன முடிவு என்று கேட்டார்.

“ரெண்டு பேரும் பாத்ததைச் சொல்லுதாங்க, அண்ணாச்சி. ரெண்டும் நெசம்னா ஓடம் இங்கனதான் நிக்கணும்.”

“அப்ப குத்தகை நிபந்தனை என்னத்துக்கு வே எழுதுனீங்க? துறையில ஓடம் இல்லையே.”

“ஓடத்துல ஆள் ஏறியாச்சு. இன்னும் எறங்கல. ஏறுன ஆள் எறங்குத வரைக்கும் ஓடம் போயிக்கிட்டுத்தான் இருக்கு.”

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் விளையாட்டுச் சாயல் இல்லை. பிறகு அதையே உத்தரவாகவும் எழுதினார். ‘இலுப்பந்துறை ஓடம் பயணி ஒருவருடன் ஆஸ்பத்திரி முற்றத்தில் இருக்கிறது. பயணி இறங்கியதும் துறைக்குத் திரும்பும். குத்தகைதாரர் பேரில் தவறில்லை.’ வியாபாரி அதை இரண்டு தடவை வாசித்துப் பார்த்தார். ஆற்றில்லாத இடத்தில் ஓடம் விடுகிற போர்டை இப்போதுதான் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

அவரை அப்படியே அனுப்பவும் மேனேஜர் விரும்பவில்லை. இலுப்பந்துறைக்கும் அணைக்கட்டுக்கும் நடுவே, அணைக்கட்டுக்குக் கிட்டத்தில், இன்னொரு துறை இருந்தது. அந்த ஊரார் கொஞ்சம் நடந்தால் அணைக்கட்டின் மேலேயே ஆற்றைக் கடந்துவிடலாம். அந்தத் துறை ஓடத்தைக் கொடை முடிகிறவரை இரவலாகக் கேட்டு வாங்கி, தண்ணீரோடு கீழே கொண்டுவர ஏற்பாடு செய்தார். சுடலைமுத்துவே போய் அதை ஓட்டிவந்தார்; அன்று முதல் பொழுது அடையுமுன் அதிலேயே வடகரைக்குப் போய்விடுவார். அன்று பிற்பகலில் வியாபாரியின் சிப்பங்கள் ஆற்றைக் கடந்தன. ஓடத்தில் ஏறும்போது அவர், தென்கரையைப் பார்த்துக்கொண்டே, பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கப் போகிறார்கள் என்று சுடலைமுத்துவிடம் கேட்டதை நான் கேட்டேன். சுடலைமுத்து, தாய் பிழைக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். மறுநாள் ஆஸ்பத்திரிக்கு ஓர் ஓலைக் கொட்டான் நிறையக் கருப்பட்டி வந்தது. யார் கொடுத்தது என்று கொண்டுவந்தவன் சொல்லவில்லை.

இரவல் ஓடத்தைக் கவனித்துக்கொள்ள என்னை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு மேனேஜர் திரும்பினார். போகும் முன் என்னைத் தனியே அழைத்து, இலுப்பந்துறையைப் பற்றிய குறிப்பைத் திருத்தி எழுதும்படி சொன்னார். ஓடம் எதற்கெல்லாம் ஓடம் என்று எழுதாமல், ஓடம் உண்டு என்று மட்டும் எழுதியிருக்கிறீர் என்றார். வேறு குறை சொல்லவில்லை.

இசக்கிக்குக் காய்ச்சல் இறங்காமல் இருந்தது. டாக்டரம்மாள் ஏணிப்படி ஒன்றை ஓடத்தின் பக்கவாட்டில் சாத்தி வைத்துக்கொண்டு, ஏறி இறங்கி மருந்து கொடுத்தார். முதல் நாட்களில் அவரும் பேச்சியம்மாளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஒருநாள் மழை பெய்து ஓலைக்கூரை ஒழுகியபோது, டாக்டரம்மாள் தம் வீட்டிலிருந்து மெழுகுத்துணி கொண்டுவந்து போர்த்தினார். கிழவி அதன் மறுமுனையைப் பிடித்து இழுத்துக் கட்டினாள். அதற்குப் பிறகு, டாக்டரம்மாள் ஏறும்போது கிழவி நகர்ந்து இடம் கொடுத்தாள். பகலில் கீழே இறங்கி நடமாட அவளுக்குத் தடை எதுவும் இல்லை. இருந்தும் மிக அவசியமானதற்குத் தவிர அவள் இறங்கவில்லை. ஏன் என்று நான் கேட்டேன். இறங்கினால் யாராவது ஓடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று சொல்லி, என்னையே பார்த்தாள்.

கொடைக்கு முந்திய நாள் காய்ச்சல் விட்டது. இசக்கி கஞ்சி குடித்தாள். கொடை அன்று இரவு முழுவதும் ஆற்றுக்கு அப்பால் நையாண்டி மேளமும் வில்லுப்பாட்டும் கேட்டன. ஓடத்தில் இருந்த இருவரும் தூங்கவில்லை. டாக்டரம்மாளும் தூங்கவில்லை என்று நினைக்கிறேன், அவருடைய அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் மத்தியானம் கொடை முடிந்ததற்கு அடையாளமாக வடகரையில் வேட்டுப் போட்டார்கள். சத்தம் ஆற்றைக் கடந்து தெளிவாகக் கேட்டது. மருந்துப் புட்டி கழுவிக்கொண்டிருந்த டாக்டரம்மாள் அதை வைத்துவிட்டு முற்றத்துக்கு வந்தார். பேச்சியம்மாள் முதலில் இறங்கினாள். முழங்கால் நிமிர மறுத்ததால் ஓடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றாள். குழந்தையை வாங்கி டாக்டரம்மாள் கையில் கொடுத்தாள். அதன் பிறகு ஏணிப்படியின் அடியில் நின்று, மருமகளுக்கு இரண்டு கையையும் நீட்டினாள். இசக்கி எழுந்து உட்கார்ந்து, ஓடத்தின் வெளியே காலைத் தொங்கவிட்டு, தரையைப் பார்த்துத் தயங்கினாள்.

“ஏட்டி, பைய எறங்கு” என்றாள் கிழவி. “இனிமே நீ எங்கன வேணும்னாலும் படுத்துக்கிடலாம்.”